கப்பலை மறைக்காத ஓவியர்: நார்மன் வில்கின்சனும் பட்டை போட்ட கப்பல்களும்

ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குக் கப்பல் புதிதல்ல. இளவயதில் ஏறக்குறைய பதினைந்து வருடம் கடற்படையில் இருந்தவர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள் லண்டன் ராயல் அகாடமி என்ற ஓவியக் கழகத்துக்கு வந்த அவரை ஒரு பெரிஸ்கோப்புக்கு, அதாவது நீர்மூழ்கிக்குள்ளிருந்து வெளியே பார்க்கும் குழாய்க்கு, முன்னால் நிறுத்தினார்கள். எதிரே ஒரு சுழல்மேசை. அதன்மேல் சின்ன மரக்கப்பல் ஒன்று, உடம்பெல்லாம் கோணல்மாணலான பட்டைகளோடு நின்றது. இது எந்தத் திசையில் போகிறது என்று கேட்டார்கள். தெற்கு, சற்றே மேற்குப் பக்கம் என்றார் மன்னர். கப்பல் முகம் வைத்திருந்ததோ கிழக்கு-தென்கிழக்கே. திசைகாட்டிக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய 79 டிகிரி பிசகு.

அந்த மரக்கப்பலுக்குப் பட்டை போடவைத்தவர் நார்மன் வில்கின்சன். தொழில் கடல் ஓவியம். கடல், கப்பல், துறைமுகம், ரயில்வே போஸ்டர் என்று வரைந்து பிழைத்தவர். போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கான நிஜக் கப்பல்கள் இவர் சொன்ன முறையில் வரிக்குதிரை வேஷம் கட்டின. ஆங்கிலத்தில் இதற்கு 'டாஸில்' என்று பெயர், அதாவது கண்ணைக் கூசவைப்பது.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் க்யூபிசத்தில்தான், அதாவது உருவங்களைக் கோணங்களாக உடைத்து வரையும் பாணியில்தான், ஆரம்பிப்பார்கள். நவீன ஓவியம் போருக்குப் போன கதை என்பார்கள். படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எனக்கு இது நேர்மாறான கதையாகப் படுகிறது. வில்கின்சன் நவீன ஓவியர் இல்லை. கப்பலைக் கப்பலாகவே வரைகிற பழைய பள்ளிக்காரர். அந்தப் பழைய பயிற்சி இல்லாவிட்டால் இந்த யோசனையே பிறந்திருக்காது என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

ஓவியர்

1878-இல் கேம்பிரிட்ஜில் பிறந்தார். வளர்ந்தது போர்ட்ஸ்மத்தை ஒட்டிய சவுத்சீ. பிரிட்டிஷ் கடற்படையின் வாசல் அது. ஜன்னலைத் திறந்தால் போர்க்கப்பல். அங்கேயே ஓவியப் பள்ளியில் படித்தார், பிறகு அங்கேயே கற்றும் கொடுத்தார். கார்ன்வாலில் லூயிஸ் கிரியர் என்ற கடல் ஓவியரிடம் கொஞ்ச காலம். 21 வயதில் பாரிஸ் போய் மனித உருவம் வரையப் படித்தார், ஆனால் மனசு அதற்குள் கடலுக்குப் போய்விட்டிருந்தது.

1898-இலிருந்து 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையில் இவர் படங்கள் வர ஆரம்பித்தன. பத்திரிகைக்குக் கப்பல் வரைவது சாதாரண வேலை இல்லை. வாசகர்களில் மாலுமிகள் இருப்பார்கள், ஓய்வுபெற்ற கேப்டன்கள் இருப்பார்கள். கயிறு ஒன்று தப்பாகப் போனாலும், காற்று ஒரு பக்கமும் புகை இன்னொரு பக்கமும் போனாலும் கடிதம் வந்துவிடும். அப்புறம் ரயில்வே போஸ்டர்கள். லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேக்கு அவர் வரையத் தொடங்கிய காலத்தில் போஸ்டர் என்றால் எழுத்தும் குட்டிக்குட்டிப் படங்களும் அடைத்த தாள். அவர் பெரிய பெரிய வண்ணப் பரப்புகளாகப் போட்டார். பிளாட்பாரத்தில் ஓடுகிறவன் தூரத்திலிருந்து ஒரே நொடியில் படிக்கவேண்டுமே! தூரத்திலிருந்து ஒரு வடிவத்தைக் கண் எப்படிப் பிடிக்கிறது என்பது அவருக்கு வயிற்றுப்பாட்டு விஷயமாகவே இருந்தது.

டைட்டானிக்கிலும் அவர் படம் ஒன்று இருந்தது. முதல் வகுப்பு ஆண்கள் புகைபிடிக்கும் அறையில், கணப்புக்கு மேலே, 'பிளிமத் துறைமுகம்'. கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் கடைசி நேரத்தில் அந்த அறையில் தனியாக நின்றதைப் பார்த்ததாகக் கப்பல் பணியாளர் ஒருவர் பிற்பாடு சொன்னார். 1912 ஏப்ரலில் படமும் அட்லாண்டிக்கின் அடியில் போய்ச் சேர்ந்தது. நெடுங்காலம் கழித்து வில்கின்சனின் மகன் அதைத் திரும்ப வரைந்தார்.

1917

போர் வந்ததும் வில்கின்சன் கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்தார். துருக்கிக் கரையில் டார்டனெல்ஸ், கலிப்போலி, பிறகு ஜிப்ரால்டர் பக்கம் நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்து. கலிப்போலியில் போட்ட வண்ணச் சித்திரங்கள் 1915-இல் புத்தகமாகவே வந்தன. 1917-இல் இங்கிலாந்தின் தென்கரையில் கண்ணிவெடி அகற்றும் வேலை. வயது 38.

அந்த வருடம் பிப்ரவரி 1 முதல் ஜெர்மனி தன் நீர்மூழ்கிகளுக்கு எந்தக் கட்டுப்பாடும் வைக்கவில்லை. வணிகக் கப்பல், நடுநிலை நாட்டுக் கப்பல், எச்சரிக்கை எதுவும் கிடையாது, கண்டால் அடி. ஏப்ரலில் மட்டும் எட்டரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. தின்கிற கோதுமையே கப்பலில் வரவேண்டிய தீவு பிரிட்டன். எத்தனை மாதம் தாங்கும் என்று மேலிடத்தில் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கப்பலை மறைக்கலாம் என்று ஏற்கெனவே பலர் முயன்றிருந்தார்கள். சாம்பல் நிறம் பூசுவது, கடல் நிறம் பூசுவது, கண்ணாடி பதிப்பது என்று யோசனைகள் குவிந்தன. சிக்கல் என்னவென்றால் கடலில் நிறம் ஒரு மணி நேரம் நிற்காது. காலையில் ஈயம், மதியம் வெள்ளி, மேகம் வந்தால் பச்சை. அதைவிட முக்கியம், நீர்மூழ்கிக்காரன் பார்ப்பது தண்ணீர் மட்டத்திலிருந்து. அவனுக்குக் கப்பல் கடலின்மேல் தெரிவதில்லை, வானத்தின்மேல் நிழலுருவாகத் தெரிகிறது. போதாததற்குப் புகைபோக்கியிலிருந்து கறுப்புக் கொடி பிடித்தமாதிரி நிலக்கரிப் புகை. எந்தப் பெயின்ட்டும் அதை மறைக்காது.

டெவன் பகுதியில் வாரக்கடைசி மீன்பிடிப்பு முடிந்து, விடியற்காலைக் குளிரில் ரயிலில் திரும்பும்போதுதான் யோசனை வந்தது என்று வில்கின்சன் பின்னாளில் எழுதினார். மறைக்க முடியாதென்றால் மறைப்பானேன்? கப்பல் தெரியட்டும். அது எங்கே போகிறது என்பது மட்டும் தெரியாமல் போகட்டும்.

ஞானோதயக் கதைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஆனால் இந்த யோசனையின் உள்ளே இருக்கும் தர்க்கம் கறாரானது. அதை ஒரு கணக்கில் பார்க்கலாம்.

கணக்கு

நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் விடும் குண்டுக்கு டார்பிடோ என்று பெயர். துப்பாக்கிக் குண்டு போல அது உடனே போய்ச் சேர்வதில்லை. 36 நாட் (மணிக்கு ஏறக்குறைய 67 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் ஒரு டார்பிடோ 1,000 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 54 நொடி ஆகும். அந்த நேரத்தில் 10 நாட் வேகக் கப்பல் 278 மீட்டர் நகர்ந்திருக்கும். ஆகவே கப்பலைக் குறிவைத்தால் வீண். கப்பல் வந்து சேரப்போகும் வெற்றுத் தண்ணீரைக் குறிவைக்கவேண்டும். அதற்கு நீர்மூழ்கித் தளபதிக்கு மூன்று விஷயம் தெரியவேண்டும்: தூரம், வேகம், போகும் திசை. மூன்றையும் அவன் கண்ணால் மதிப்பிடுகிறான், அதுவும் பெரிஸ்கோப்பைச் சில நொடிகள் மட்டும் நீட்டி. அதிக நேரம் நீட்டினால் அவன் கதை முடிந்தது.

120 மீட்டர் நீளக் கப்பல் தனக்குக் குறுக்கே நேராகப் போகிறது என்று அவன் நினைக்கிறான். உண்மையில் 45 டிகிரி சாய்வாக அவனை நோக்கி வருகிறது. அப்படியானால் அவன் எதிர்பார்த்த 278 மீட்டருக்குப் பதில் கப்பல் பக்கவாட்டில் 200 மீட்டருக்கும் குறைவாகவே நகர்ந்திருக்கும். நடுவயிற்றைப் பார்த்து விட்ட டார்பிடோ கப்பலின் முன்னால் காலியான தண்ணீரில் போய்விடும். ஒரு பார்வைப் பிசகு, அவ்வளவுதான்.

சரி, தூரத்தில் இருக்கும் கப்பல் எங்கே போகிறது என்பதைக் கண் எப்படித் தெரிந்துகொள்கிறது? அணியம் (கப்பலின் முன்முனை) எந்தப் பக்கம் கூர்ந்திருக்கிறது, பாலமும் (கப்பலை நடத்தும் மேல்மேடை) புகைபோக்கிகளும் ஒன்றுக்குப்பின் ஒன்றாக எப்படி நிற்கின்றன, பாய்மரக் கம்பங்களுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி, பக்கச்சுவரில் ஒளியும் நிழலும் எங்கே பிரிகின்றன. இவற்றைப் பார்த்துத்தான். கடல் ஓவியருக்கு இந்தப் பட்டியலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருடமாக அவர் கேன்வாஸில் செய்துவந்தது இதே அடையாளங்களைச் சரியாக அமைத்து, தட்டையான துணியில் கப்பல் 'போகிற' மாதிரி காட்டுவது. டாஸில் என்பது அதே வேலையைத் தலைகீழாகச் செய்வது. கப்பலே கேன்வாஸ், அதில் பொய்யான அணியம், பொய்யான வளைவு, பொய்யான நிழல்.

ஓர் இடைச்செருகல். கப்பல் வேஷம் போடுவது சென்னைக்காரர்களுக்கும் அந்நியமில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த ஜெர்மன் கப்பல் எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி திரிந்தது. அடுத்த மாதம் அந்த வேஷத்தில்தான் பினாங்குக்குள் நுழைந்தது. 'அவன் சரியான எம்டன்' என்று நாம் இன்னும் சொல்கிறோம். எம்டன் சொன்னது தான் யார் என்பதில் பொய். வில்கின்சனின் கப்பல்கள் சொன்னது எங்கே போகிறேன் என்பதில் பொய்.

அறையும் துறையும்

கடற்படைத் தலைமையகம் யோசனையை ஏற்றது. 'இண்டஸ்ட்ரி' என்ற சரக்குக் கப்பலில் முதல் பரிசோதனை. 1917 அக்டோபருக்குள் வணிகக் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் டாஸில் என்று உத்தரவு. அலுவலகத்துக்கு இடம் தேடியபோது ராயல் அகாடமி தன் ஸ்டுடியோக்களைக் கொடுத்தது. சுமார் இரண்டு டஜன் பேர்: ஓவியர்கள், மாதிரி செய்பவர்கள், ஓவியப் பள்ளிகளிலிருந்து வந்த இளம்பெண்கள். அந்தப் பெண்களில் ஒருவரான எவலின் மெக்கென்சியை 1918-இல் வில்கின்சன் மணந்துகொண்டார்.

வேலை நடந்த விதம் எனக்குப் பிடித்தமான பகுதி. முதலில் கப்பலின் மரமாதிரி. அதில் ஒருவர் பட்டைகளைத் தீட்டுவார். சுழல்மேசையில் வைத்து, பின்னால் வானத் திரை மாட்டி, பெரிஸ்கோப் வழியாகப் பார்ப்பார்கள். மேசை கொஞ்சம் திரும்பும். இப்போது எங்கே போகிறது? இன்னும் கொஞ்சம் திரும்பும். இப்போது? பார்க்கிறவர் சரியாகச் சொல்லிவிட்டால் பட்டை தோற்றது, அழித்துவிட்டு மறுபடி. பார்வையாளர் திணறினால்தான் பாஸ். அழகாக இருக்கிறதா என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

தேறிய வடிவம் காகிதத்துக்கு மாறும், இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். இரண்டும் ஒன்றுபோல இருக்காது. ஒரே வகைக் கப்பல்களுக்கும் வெவ்வேறு வடிவம். 'இந்தப் பட்டை என்றால் இந்தக் கப்பல்' என்று எதிரி மனப்பாடம் செய்துவிடக்கூடாது. நிறங்கள் கறுப்பு, வெள்ளை, சாம்பல், நீலம், பச்சை. கவனம் எல்லாம் அணியத்திலும் பின்பக்கத்திலும் மேல்கட்டுமானத்திலும். பக்கச்சுவரில் தொடங்கும் சாய்வுப் பட்டை நிற்காமல் பாலத்தின்மேல் ஏறிப் புகைபோக்கியிலும் தொடரும். எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடி கிடைக்காது.

படம் துறைமுகத்துக்குப் போகும். அங்கே சீருடை போட்ட ஓர் ஓவியர் காத்திருப்பார். லிவர்பூலிலும் பிரிஸ்டலிலும் அந்த வேலையைப் பார்த்தவர்களில் எட்வர்ட் வாட்ஸ்வர்த் ஒருவர்; அவர்தான் நிஜமான நவீன ஓவியர். முழ நீள மாதிரியில் இருந்த கோட்டைக் கோட்டைச்சுவர் மாதிரி நிற்கும் இரும்பில் சாக்பீஸால் வரைந்து காட்டவேண்டும். பெயின்டர்கள் பலகையில் தொங்கியபடி நிரப்புவார்கள். பக்கத்தில் நிற்கிறவனுக்கு வெறும் கறுப்புச் சுவர், வெள்ளைச் சுவர். தள்ளிப் போய் நின்றால்தான் வடிவம் தெரியும். அந்த நினைவிலிருந்து வாட்ஸ்வர்த் 1919-இல் வரைந்த பெரிய ஓவியம், லிவர்பூல் உலர்துறையில் (தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் கப்பலில் வேலை பார்க்கும் இடம்) வரிக்கப்பல், இப்போது ஒட்டாவாவில் கனடா தேசியக் கூடத்தில் இருக்கிறது. டாஸில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான். க்யூபிசக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுவே என்பது என் சந்தேகம்.

1918 ஜூனுக்குள் சுமார் 2,300 பிரிட்டிஷ் கப்பல்கள் வரிபோட்டிருந்தன. அதற்கு முன்பே வில்கின்சன் வாஷிங்டன் போய் ஒரு மாதம் தங்கி அமெரிக்கக் கடற்படைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். அமெரிக்கர்களும் ஆயிரத்துக்கு மேல் தீட்டினார்கள்.

பலன் இருந்ததா?

இங்கேதான் கதை நொண்டுகிறது. 1918-இன் முதல் காலாண்டில், தாக்கப்பட்ட டாஸில் கப்பல்களில் 72 சதவீதம் மூழ்கின அல்லது சேதமடைந்தன. சாதாரணக் கப்பல்களில் அது 62. அதாவது வேஷம் போட்டவைதான் அதிகம் அடிவாங்கின. இரண்டாம் காலாண்டில் தலைகீழ்: டாஸில் 60, சாதாரணம் 68. யார் எதை நிரூபிக்க விரும்பினாலும் அதற்கேற்ற காலாண்டு கைவசம் இருந்தது.

எண்களைக் குழப்பும் காரணங்கள் வேறு. தாக்கப்பட்ட டாஸில் கப்பல்களில் 38 சதவீதம் 5,000 டன்னுக்கு மேற்பட்டவை, சாதாரணக் கப்பல்களில் 13 சதவீதமே. பெரிய கப்பலைத்தான் எதிரியும் விரும்பிக் குறிவைப்பான். தவிர, டாஸில் பரவிய அதே மாதங்களில்தான் கப்பல்களைக் கூட்டமாக்கிப் போர்க்கப்பல் காவலோடு அனுப்பும் கான்வாய் முறையும் பரவியது. நஷ்டம் குறைந்ததற்குப் பெரும் பங்கு அதற்கே. எந்த மருந்தால் காய்ச்சல் விட்டது என்று கேட்டால் யார் சொல்வது?

ஆனாலும் ஒரு விவரத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. டார்பிடோ பட்ட கப்பல்களில் நடுப்பகுதியில் அடி விழுந்தது சாதாரணக் கப்பல்களில் 52 சதவீதம், டாஸிலில் 41. நடுவில் எஞ்சின் அறை இருக்கும் இடத்தில் அடி விழுந்தால் பிழைப்பது கஷ்டம். குறி தவறவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வில்கின்சன் எதிர்பார்த்ததும் அந்த மாதிரியான பிசகைத்தான். இதுவும் தற்செயலாக இருக்கலாம், நிரூபணம் என்று கூவமாட்டேன். கடற்படையின் குழுவும் கூவவில்லை. தீமை இல்லை, மாலுமிகளுக்குத் தெம்பு வருகிறது, ஆகவே தொடரட்டும் என்று முடித்தது. தன்மேல் பட்டை போட்ட கப்பலில் வேலை பார்ப்பவனுக்கு, யாரோ தன்னைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்று தோன்றுமல்லவா.

1919-இல் லியோ பிளாட்ஜெட் என்ற, அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் மாதிரிக் கப்பல்களையும் பெரிஸ்கோப்பையும் வைத்துச் சோதித்து, டாஸில் நன்றாகவே ஏமாற்றுகிறது என்று முடிவுசொன்னார். நூறு வருடத்துக்குப் பிறகு, 2025-இல், பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் தரவுகளைத் திரும்ப எடுத்தார்கள். புகைப்படங்களிலிருந்து பட்டைகளை அழித்து, வெறும் கப்பலையும் மக்களிடம் காட்டினார்கள். வெறும் கப்பலையே கண் தப்பாகத்தான் படிக்கிறது என்று தெரிந்தது. தூரத்துக் கப்பல் சாய்வாக வந்தாலும் அடிவானத்துக்கு இணையாகப் போவதாகவே நமக்குத் தோன்றிவிடுகிறது. பட்டைகள் செய்த வேலை உண்டு, ஆனால் அடிவானம் செய்த வேலையைவிடச் சின்னது. மரமாதிரியோடு அந்த அறையில் குந்தியிருந்தவர்கள் தங்கள் பெயின்ட்டுக்குக் கொடுத்த பெருமையில் ஒரு பங்கு அடிவானத்துக்குப் போகவேண்டியது.

யாருடைய யோசனை?

போர் முடிந்ததும் வழக்கம்போலப் பங்காளிச் சண்டை. கண்டுபிடிப்பாளர்களுக்கு வெகுமதி தரும் அரச ஆணையத்திடம் வில்கின்சன் போனார். எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் ஜான் கிரஹாம் கெர், கிளாஸ்கோ பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர். 1914-லேயே அப்போதைய கடற்படை அமைச்சர் சர்ச்சிலுக்கு அவர் எழுதியிருந்தார்: வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி மாதிரி உருவத்தின் விளிம்பை உடைக்கும் பட்டைகளைக் கப்பலுக்குப் போடுங்கள். சில கப்பல்கள் அப்படித் தீட்டவும் பட்டன. சர்ச்சில் பதவியிலிருந்து போனார், 1915 ஜூலையில் கடற்படை பழைய சாம்பலுக்கே திரும்பிவிட்டது.

வில்கின்சனின் வாதம்: கெர் சொன்னது கப்பலைத் தெரியாமல் ஆக்க, நான் சொன்னது திசையைக் குழப்ப. ஆணையம் அதை ஏற்று அவரையே கண்டுபிடிப்பாளர் என்று அறிவித்து 2,000 பவுண்டு கொடுத்தது. கெர் கடைசிவரை ஆறவில்லை.

என்னைக் கேட்டால் தீர்ப்பு சரி, ஆனால் பேராசிரியர் மனத்தாங்கலும் நியாயம். விளிம்பை உடைக்கலாம் என்பது கெருடையதுதான். ஆனால் அவர் ஒரே யோசனைக்குள் மறைப்பதையும் குழப்புவதையும் கலந்து வைத்திருந்தார். விலங்கு மறைய முடியும், அதற்குப் பின்னால் புதர் இருக்கிறது. கப்பலுக்குப் பின்னால் வானம்தான் இருக்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டு, மறைப்பதை அடியோடு கைவிட்டவர் ஓவியர்.

1919 மார்ச்சில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் செல்சி ஆர்ட்ஸ் கிளப் ஒரு 'டாஸில் நடனவிழா' நடத்தியது. ஆட வந்தவர்கள் உடையிலும் அந்தப் பட்டைகள். வில்கின்சன் போஸ்டருக்கும் கடலுக்கும் திரும்பினார். 1924-இல் எல்.எம்.எஸ். ரயில்வேக்காக ராயல் அகாடமி ஓவியர்களையே போஸ்டர் போட இழுத்துவந்தார். ஒலிம்பிக்ஸில் கலைக்கும் போட்டி இருந்த காலம் அது. 1928-இலும் 1948-இலும் கலந்துகொண்டார். இரண்டாம் உலகப் போரில் அவருக்குக் கொடுத்தது விமானத்தளங்களை மறைக்கும் வேலை. தரையில் மறைக்க முடியும், ஆகவே அங்கே மறைத்தார். நடுவில் நார்மண்டி தரையிறக்கத்தை 'ஜெர்விஸ்' என்ற போர்க்கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்து வரைந்தார். அந்தப் போரின் கடல் ஓவியங்கள் ஐம்பதுக்கு மேல் 1944-இல் லண்டன் தேசியக் கூடத்தில் காட்சிக்கு வந்தன. ஒன்றை அரசுக் குழு விலைக்கு வாங்கியது, மீதியை அவர் சும்மாவே கொடுத்துவிட்டார். 1971-இல் 92 வயதில் இறந்தார்.

அவர் வளர்ந்த சவுத்சீக்குப் பக்கத்தில், போர்ட்ஸ்மத் துறைமுகத்தில், எம்.33 என்ற சின்னப் போர்க்கப்பல் உலர்துறையில் நிற்கிறது. 1915-இல் கலிப்போலியில் சண்டையிட்டது. அதற்கு இப்போது மறுபடி டாஸில் பட்டை போட்டிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் துறையின் விளிம்பில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். அவ்வளவு கிட்டத்தில் அணியம் எது, பின்பக்கம் எது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.